களு கங்கை ஏறிவந்த உப்பு

சபரகமுவ மாகாணத்தின் தலைநகரான இரத்தினபுரி, கொழும்பிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தென்கிழக்கே, சிவனொளிபாதமலையிலிருந்து இறங்கிவரும் குன்றுகள் முடிந்து களு கங்கையின் தாழ்நிலம் தொடங்கும் இடத்தில் அமைந்திருக்கிறது. ஊரின் பெயரைக் கேட்டவுடன் நீலக்கல்லும் மாணிக்கமும் நினைவுக்கு வருவது இயல்பே. இரத்தினங்களின் ஊர் என்னும் பொருளில் அப்பெயர் வடமொழியிலிருந்து வந்தது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். ஆயினும் போர்த்துக்கேய மொழியில் கட்டி வெல்லத்தைக் குறிக்கும் ‘ரப்பதூரா’ என்ற சொல்லே திரிந்து ஊர்ப்பெயராயிற்று என்று சொல்வோரும் உண்டு. சொல்லாராய்ச்சியின்படி இந்த இரண்டாவது விளக்கம் வலுவற்றதுதான். என்றாலும், கல்லுக்குப் பெயர்போன ஓர் ஊரின் பெயரையே கருப்பட்டிக்கு உரிமையாக்கத் துணியும் அளவுக்கு இங்குள்ள இனிப்பு புகழ்பெற்றிருந்தது என்பதை அந்தக் கதை காட்டிவிடுகிறது.

இரத்தினபுரிக்குச் சுற்றுலாவாக வருபவர்கள் கல் பார்ப்பார்கள், அருவி பார்ப்பார்கள், மலையேறுவார்கள். ஊர் என்ன சாப்பிடுகிறது என்று கேட்பவர் குறைவு. கேட்டால் கிடைக்கும் விடையில் ஒரு விசித்திரம் இருக்கிறது. ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை கொட்டும் இந்த ஈரவலயத்தில் பலா, ஈரப்பலா, மரவள்ளி, கித்துள், மிளகு, பாக்கு, கறுவா என எல்லாமே தழைக்கின்றன; விளையாத ஒன்று உப்பு. எனவே இந்த மண்ணின் சமையல், எந்தக் காலத்திலும் எந்த மக்களின் கையிலும், காட்டிலிருந்து எடுத்த மாச்சத்தையும் இனிப்பையும் கடலிலிருந்து வந்த உப்போடும் மீனோடும் சேர்ப்பதாகவே இருந்துவந்திருக்கிறது. அந்த உப்பு வந்த வழிகளில் முதன்மையானது ஆறு.

களு கங்கை 129 கிலோமீற்றர் நீளமுள்ளது. 2243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலையின் சரிவுகளில் பிறந்து, வெகு குறுகிய தொலைவுக்குள் செங்குத்தாக இறங்கி, இரத்தினபுரியை அடையும்போது கடல் மட்டத்திலிருந்து சில பத்து மீற்றர் உயரத்துக்கே வந்துவிடுகிறது. அதன் பின்னர் களுத்துறையில் கடலைச் சேரும்வரை அதற்கு அவசரமே இல்லை. இந்த இயல்பு நகரத்துக்கு இரண்டு விளைவுகளைத் தந்தது. மேலே இருந்து வேகமாக வரும் நீர் கீழே மெதுவாகவே வடிவதால், மே மாதம் பிறந்து தென்மேற்குப் பருவக்காற்று பலத்துவிட்டால் நகரத்துக்குள் வெள்ளம் புகுந்துவிடும். 1947, 2003, 2017 ஆகிய ஆண்டுகளின் வெள்ளங்கள் இன்னும் பேசப்படுகின்றன, 2003இல் வெள்ளத்தோடு மண்சரிவுகளும் சேர்ந்து பல உயிர்களைக் கொண்டுபோயின. மற்றொரு விளைவு நன்மையானது: மெதுவாக ஓடும் அந்தக் கீழ்ப்பகுதியில் கடற்கரையிலிருந்து நகரம்வரை படகு ஓட்ட முடிந்தது. சிங்களத்தில் ‘பாருவ’ எனப்படும் தட்டையடிப் படகுகள், வீதிகள் சீராகும்வரை, உப்பையும் கருவாட்டையும் அரிசியையும் மேலே கொண்டுவந்து, பாக்கையும் மலைநாட்டு விளைபொருள்களையும் கீழே கொண்டுபோயின.

உப்புக்காகக் கடலை எதிர்பார்த்திருக்கும் இந்த வழக்கம் படகைவிட மிகப் பழையது. இரத்தினபுரிக்கு அண்மையிலுள்ள குருவிட்டவின் பட்டதொம்பலென குகையிலும், கேகாலை மாவட்டத்தின் கித்துல்கல அருகேயுள்ள பெலிலென குகையிலும் நடந்த அகழாய்வுகள், 30,000 ஆண்டுகளுக்கு முன்னரே இந்த மழைக்காட்டில் மனிதர் வாழ்ந்ததை நிறுவின. அவர்களுடைய அடுப்புச் சாம்பலில் மரநத்தை ஓடுகளும், குரங்கு, அணில் போன்ற விலங்குகளின் எலும்புகளும், கெக்குன என்னும் காட்டுமரத்துக் கொட்டைகளும், காட்டு ஈரப்பலாவின் எச்சங்களும் கிடைத்தன. மழைக்காட்டில் உணவு அரிது, எனவே ஆதிமனிதர் அங்கே நிலைத்திருக்க மாட்டார் என்ற பழைய எண்ணத்தை இந்தக் குகைகளே புரட்டிப்போட்டன. ஆனால் காட்டு உணவுக்கு நடுவே கடலின் பொருள்களும் இருந்தன: பட்டதொம்பலெனவில் கடற்சிப்பி மணிகள் கிடைத்தன, பெலிலெனவுக்குக் கடலோரத்திலிருந்து உப்பு கொண்டுவரப்பட்டதற்கான தடயத்தைத் தொல்லியலாளர் சிரான் தெரணியகல எடுத்துக்காட்டினார். நத்தையும் ஈரப்பலாவும் காலடியில் கிடைக்க, உப்புக்கு மட்டும் பல நாள் நடையை ஏற்றுக்கொண்ட மனிதர்கள் அவர்கள். இரத்தினபுரி தேசிய அருங்காட்சியகத்தில் அந்தக் காலத்தின் தடயங்களைப் பார்க்கலாம். இரத்தினக்கல் அகழ்ந்த குழிகளிலிருந்து வெளிப்பட்ட நீர்யானை, காண்டாமிருகம் ஆகியவற்றின் புதைபடிவ எச்சங்களும், இன்று இலங்கையில் அவை இல்லை என்பதை நினைவூட்டியபடி, அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன.

அந்த அருங்காட்சியகம் இயங்கும் கட்டடம் எஹலப்பொல வளவு எனப்படும் பழைய பிரபு மனை. வளவு என்பது உயர்குடிச் சிங்களத் தலைவரின் இல்லத்தைக் குறிக்கும் சொல். கண்டி அரசின் காலத்தில் சபரகமுவ ஒரு திசாவனி, அதாவது அரசன் நியமித்த திசாவையின் ஆட்சிக்குட்பட்ட மாகாணம். அதன் திசாவையாக இருந்த எஹலப்பொல 1814இல் மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்து ஆங்கிலேயரிடம் சேர்ந்ததும், கண்டியில் அவருடைய மனைவி மக்கள் கொல்லப்பட்டதும், மறு ஆண்டில் கண்டி அரசே வீழ்ந்ததும் பள்ளிப் பாடநூல்களில் உள்ளவை. பாடநூல்கள் அதிகம் பேசாத செய்தி உப்பைப் பற்றியது. கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கையில் இருந்தபோது, மலைநாட்டு அரசைப் பணியவைக்க அவர்களிடம் இருந்த ஆயுதங்களுள் துறைமுகங்களை மூடி உப்பையும் கருவாட்டையும் நிறுத்துவதும் ஒன்று. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையில் கண்டி மன்னன் கரையோரத்தை முற்றாக இழந்தபோதும், சிலாபம், புத்தளம் பகுதிகளின் உப்பளங்களிலிருந்து உப்பு எடுத்துக்கொள்ளும் உரிமை எழுத்தில் இடம்பெற்றது. ஓர் அரசு தன் கரைகளைக் கொடுத்துவிட்டு உப்பைக் கேட்டு வாங்கியது என்றால், மலைநாட்டு அடுப்புக்கு அது எவ்வளவு இன்றியமையாததாக இருந்தது என்பது விளங்கும். ஆறு செல்லாத இடங்களுக்கு அந்த உப்பைத் தவளம் எனப்படும் பொதிமாட்டுக் கூட்டங்கள் கொண்டுசென்றன. அந்தத் தொழிலில் முஸ்லிம் வணிகர்கள் முன்னணியில் இருந்தனர்.

மாசி என்னும் மாலைதீவுக் கருவாடும் இந்த வழித்தடங்களில் வந்ததே. சூரை மீனைத் துண்டாக்கி அவித்து, புகையில் வாட்டி, மரக்கட்டை போல இறுகும்வரை உலர்த்தினால் மாசியாகும். கெடாது, பாரமில்லை, ஒரு சிறு துண்டை இடித்துப் போட்டால் ஒரு சட்டிக் கறிக்கும் கடலின் ருசி வந்துவிடும். மொரோக்கோவைச் சேர்ந்த பயணி இப்னு பதூதா மாலைதீவில் தங்கியிருந்தபோது இந்த மீன் புகையூட்டப்பட்டு இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யெமனுக்கும் அனுப்பப்படுவதை எழுதிவைத்தார். 1344இல் அவர் அங்கிருந்து கப்பலேறி இலங்கைக்கு வந்தது சிவனொளிபாதமலையை வணங்குவதற்காக. மாசியின் பிறப்பிடத்தையும் அது இன்று மிகுதியாகச் செலவாகும் நாட்டையும் ஒரே பயணத்தில் அவர் கண்டிருக்கிறார். இங்கே அவருடைய கண் சென்றதோ மாணிக்கங்களின் மேல்தான். அதற்காக அவரைக் குறைசொல்ல முடியாது, இன்றைய பயணிகளும் அப்படித்தான்.

ஆற்றங்கரைத் துறைநகரம் ஒன்றின் சமையலில் கடலும் உள்நாடும் சந்திப்பது உலகில் பல இடங்களில் காணக்கூடியது. வியட்நாமின் நடுக்கரையில் து போன் ஆற்றோரம் அமைந்த ஹோய் ஆன் நகரம், சீன, ஜப்பானிய வணிகர்கள் வந்து தங்கிய பழைய துறை. ஆறு தூர்ந்து வணிகம் தா நாங் நகருக்கு நகர்ந்ததால் புதிய கட்டடங்களின் கைக்குத் தப்பி, 1999இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே எல்லாத் தட்டிலும் நுழையும் நுவொக் மாம் என்பது நெத்தலி போன்ற சிறுமீனை உப்பிட்டு நொதிக்கவைத்து வடித்த சாறு. இலங்கையில் மாசி செய்யும் வேலையையே அது அங்கே செய்கிறது. அந்நகரத்துக்கே உரிய ‘காவ் லாவ்’ என்னும் தடித்த நூடுல்ஸை அந்த ஊரின் கிணற்றுநீரில் செய்தால்தான் சரிவரும் என்று அங்குள்ளோர் பெருமையோடு சொல்வார்கள், பயணிகள் அதைத் தேடிப்போய்ச் சாப்பிடுகிறார்கள். இரத்தினபுரிக்கும் அத்தகைய உணவுகள் உண்டு. தன் சாப்பாட்டைப் பற்றி வந்தவரிடம் எடுத்துச்சொல்லும் வழக்கம்தான் இங்கே வளரவில்லை. கல்லின் ஒளி மற்றவற்றை மறைத்துவிட்டது.

அந்தக் கல் எடுக்கும் தொழிலிலும் சாப்பாட்டுக்கு ஒரு கணக்கு உண்டு. ஆறு பல யுகங்களாக மலையிலிருந்து அரித்துக் கொண்டுவந்து படியவிட்ட கூழாங்கற் படலத்தை ‘இல்லம்’ என்பார்கள். களிமண்ணுக்கும் மணலுக்கும் கீழே கிடக்கும் அந்தப் படலத்தை எட்டக் குழி தோண்டி, பக்கங்கள் சரியாமல் மரச்சட்டம் அடித்து, தண்ணீரை இறைத்து, அள்ளிய இல்லத்தைக் கூடையில் இட்டு ஓடும் நீரில் அலசுவார்கள். நிலத்துக்கு உரியவர், அனுமதிப்பத்திரம் பெற்றவர், நீரிறைக்கும் இயந்திரத்துக்கு உரியவர், குழியில் இறங்குபவர் என ஒவ்வொருவருக்கும் கிடைத்த கல்லின் விலையில் பங்கு உண்டு. பழைய முறைப்படி, குழியில் இறங்குபவருக்கு நாட்கூலி என்று பெரிதாக எதுவும் இல்லை. கல் கிடைக்கும்வரை முதலீடு செய்தவர் தரும் சாப்பாடும் தேநீருமே அவருடைய நிச்சயமான வருமானம். மாதக்கணக்கில் ஒன்றும் அகப்படாத குழிகளும் உண்டு என்பதால், குழியருகே ஓலைக்கொட்டிலில் எரியும் அடுப்புதான் அந்தத் தொழிலைத் தாங்கிநிற்கிறது என்பது மிகையல்ல. சோறு, பருப்பு, கருவாடு, ஒரு சம்பல்: தண்ணீரில் நின்று வேலை செய்யும் உடலுக்கு உப்பும் உறைப்பும் தேவை. நகரின் மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு அண்மையில் காலை வேளைகளில் உள்ளங்கையில் கல்லை வைத்துக்கொண்டு தெருவில் நின்றபடி பேரம் பேசுபவர்களைப் பார்க்கும் பயணி, அந்தக் கற்களுக்குப் பின்னே இந்தச் சாப்பாட்டுக் கணக்கு இருப்பதையும் நினைத்துக்கொள்ளலாம். வெளியூரவர் அங்கே கல் வாங்காமல் இருப்பது நல்லது. வேடிக்கை பார்க்கக் காசில்லை.

காட்டின் பங்குக்கு முதலிடம் கித்துளுக்கே. கூந்தற்பனை என்று நூல்கள் சொல்லும் இந்த மரத்தின் பூங்குலையைப் பதப்படுத்திச் சீவினால் வடியும் இனிய சாற்றைக் காய்ச்சினால் முதலில் பாணி, அதாவது தேன்பதத்துப் பாகு கிடைக்கும். மேலும் காய்ச்சி அச்சில் ஊற்றினால் கருப்பட்டி. ஈரக்காட்டு மரமாதலால் சிவனொளிபாதமலை அடிவாரக் கிராமங்களிலும், 1988இல் உலக மரபுரிமையான சிங்கராஜ வனத்தின் ஓரக் கிராமங்களிலும் இது பரம்பரைத் தொழில். கேகாலை மாவட்டத்துக் கித்துல்கல தன் பெயரிலேயே இந்த மரத்தை வைத்திருக்கிறது. கித்துள் பாணி பனங்கருப்பட்டியைப் போல முகத்தில் அடிக்கும் இனிப்பல்ல. புகையின் வாசனையும் மிக மெல்லிய கைப்பும் கலந்தது. எருமைத் தயிரின் மேல் ஊற்றிச் சாப்பிடுவது நாடறிந்த வழக்கம். முட்டை, தேங்காய்ப்பால், ஏலம் ஆகியவற்றோடு இந்தக் கருப்பட்டியைக் கரைத்து ஆவியில் வேகவைக்கும் வட்டிலப்பம் மலாய் மக்கள் வழியே வந்து முஸ்லிம் வீடுகளின் பெருநாள் இனிப்பாயிற்று. சித்திரைப் புத்தாண்டுக்குச் சிங்கள வீடுகளில் அரிசி மாவையும் பாணியையும் சேர்த்துச் சுடும் ‘கவும்’ என்ற பணியாரம், தமிழ் வீடுகளின் அதிரசத்துக்கு மிக நெருங்கிய உறவு. கித்துள் மரத்தின் சோற்றிலிருந்து எடுக்கும் மாவைக் கஞ்சியாகக் காய்ச்சுவதும் உண்டு. இது இப்போது எளிதில் கிடைப்பதில்லை.

புளிப்பும் இங்கே காட்டிலிருந்தே வருகிறது. கொறுக்காய் என்னும் காட்டுப் பழத்தின் உலர்ந்த கறுத்த சுளைகளை மிளகோடு அரைத்து, சூரை மீனில் தடவி, மண்சட்டியில் நீர் வற்றும்வரை வேகவைப்பதே ‘அம்புல் தியல்’ எனப்படும் புளிமீன். தென்கரையின் கறி என்று புகழ்பெற்றாலும், அதற்கான கொறுக்காய் மழைக்காட்டு மரத்தினுடையது. கரைக்கு மீன் சொந்தம், மீனைக் கெடாமல் காக்கும் புளி காட்டுக்குச் சொந்தம். குளிர்பெட்டி இல்லாத காலத்தில் கடல்மீன் உள்நாட்டுக்கு வந்து சில நாள் தாங்கியது இந்தக் கூட்டால்தான்.

தோட்டங்களுக்கு வரும்போது கதை சற்று நீளுவதைத் தவிர்க்க முடியாது, ஏனெனில் சபரகமுவவின் தமிழ்ச் சமையல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள்சேர்க்கும் கங்காணிகள் வழியே வந்தவர்களின் வழித்தோன்றல்கள், இரத்தினபுரி, பெல்மதுளை, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடை, நிவித்திகல வட்டாரங்களிலும், கேகாலை மாவட்டத்தின் எட்டியாந்தோட்டை, தெரணியகல, தெஹியோவிட்ட வட்டாரங்களிலும் தேயிலையிலும் இறப்பரிலும் வேலை செய்கிறார்கள். மலையகம் என்றதும் நுவரெலியாவின் குளிரையே நினைப்பவர்கள் இந்தத் தாழ்நிலத் தோட்டங்களின் அடுப்பைப் புரிந்துகொள்வது கடினம். அங்கே கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு; இங்கே பலா, ஈரப்பலா, மரவள்ளி, தேங்காய். அங்கே கொழுந்து மட்டும். இங்கே விடியுமுன் எழுந்து மரத்தில் கீறி, சிரட்டையில் பால் வடியவைக்கும் இறப்பர் வேலையும் உண்டு, மழை பெய்தால் அன்று பால்வெட்டு இல்லை. தென்னை வளரும் உயரத்தில் இருப்பதால் தேங்காய் சபரகமுவத் தோட்டச் சமையலில் தாராளம். கண்டிக்கும் அட்டனுக்கும் மேலேயுள்ள லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், தேங்காய் என்பது காசு கொடுத்து அளந்து வாங்கும் பொருள்.

தோட்டத்தின் அடையாள உணவான ரொட்டியின் வரலாற்றை அறியாமல் அதன் ருசியைப் பேசுவது பொருத்தமில்லை. ஆரம்ப காலத்தில் தோட்ட நிர்வாகமே இறக்குமதி அரிசியைக் கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அந்த நாட்டு அரிசி நின்றுபோக, இலங்கை முழுவதும் அரிசிப் பங்கீடு சுருங்கிக் கோதுமை மா அதன் இடத்துக்கு வந்தது. நாட்டின் மற்றப் பகுதிகள் மாவைப் பாணாக வாங்கிச் சாப்பிட்டன. வெதுப்பகம் எட்டாத லயங்களில் அது ரொட்டியாயிற்று. மாவோடு தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, உருண்டையை உள்ளங்கையால் தட்டி, கல்லில் இரு புறமும் புள்ளி விழச் சுட்டால் முடிந்தது. அதிகாலையில் சுட்டு மலைக்குக் கொண்டுபோனால் பகல்வரை தாங்கும். தோட்டத்தில் மலை என்றால் வேலை நடக்கும் தேயிலை நிலம் என்று பொருள். பஞ்சத்தில் வந்த மாவு பழக்கமாகி, பழக்கம் விருப்பமாகி, இப்போது நகரத்து வீடுகளிலும் ரொட்டிக்குக் கிராக்கி இருக்கிறது. ஆனால் 1973, 1974 ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் அந்த மாவும் கிடைக்காமல் தோட்டங்களில் இறப்பு வீதம் கூடியதையும், மரவள்ளியும் கீரையும் மட்டுமே உயிரைக் காத்ததையும் மூத்த தலைமுறை மறக்கவில்லை.

ரொட்டிக்கு இணையான கட்டச் சம்பலில்தான் கடல் மீண்டும் வருகிறது. காய்ந்த கொச்சிக்காய், சின்ன வெங்காயம், உப்பு, இடித்த மாசி ஆகியவற்றை அம்மியில் வைத்துத் தட்டி, தேசிக்காய்ப் புளி விட்டு எடுப்பார்கள். கொச்சிக்காய் என்பது தோட்டத் தமிழில் மிளகாய். மாசி வாங்கக் காசில்லாத மாதக் கடைசியில் நெத்தலிக் கருவாடு அதன் இடத்தைப் பிடிக்கும். அதுவும் இல்லாவிட்டால் வெறும் உப்பும் கொச்சிக்காயும். சம்பலில் மாசி எவ்வளவு என்பதைப் பார்த்து அந்த வீட்டுக்குச் சம்பளம் வந்து எத்தனை நாளாயிற்று என்று சொல்லிவிடலாம். பிஞ்சுப் பலாக்காயைச் சிங்களத்தில் ‘பொலொஸ்’ என்பார்கள். அதை வறுத்த தூளில் நெடுநேரம் வேகவைத்த கறியும், முற்றிய காயைத் தேங்காய்ப்பூவோடு அவித்துச் சம்பலோடு சாப்பிடுவதும், பலாக்கொட்டைக் கறியும், ஈரப்பலாவைத் தேங்காய்ப்பாலில் சமைப்பதும் அருகிலுள்ள சிங்களக் கிராமங்களிடமிருந்து தோட்டம் கற்றவை. நாட்டில் பலா இவ்வளவு பெருகியதற்குப் பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வி. தயஸுக்கும் பங்குண்டு, பஞ்சம் வந்தால் பலா காக்கும் என்று சொல்லி இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஊர் ஊராகப் பலா நடத் தூண்டிய அவரைச் சிங்கள மக்கள் ‘கொஸ் மாமா’ என்றே அழைத்தனர், கொஸ் என்றால் பலா. தோட்டத்திலிருந்து கிராமத்துக்குப் போனவையும் உண்டு: உழுந்துவடையும் முறுக்கும் தீபாவளி நாளில் வேலி தாண்டின, புத்தாண்டில் கவும் அதே வேலியைத் திரும்பத் தாண்டியது.

இந்தக் கொடுக்கல் வாங்கல் எப்போதும் அமைதியாக இருந்ததென்று எழுதினால் அது பொய்யாகும். 1977 ஆகஸ்டிலும் 1983 ஜூலையிலும் நடந்த வன்செயல்களில் சபரகமுவத் தோட்டங்களின் லயங்கள் தாக்கப்பட்டன. பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்தன, இன்னும் பலர் 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினர். எஞ்சி நின்றவர்கள் அதே ஆற்றங்கரையில், அதே அயலவரோடு வாழ்கிறார்கள். இந்த வரலாற்றை மனத்தில் வைத்துக்கொண்டு லயத்து இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், நீட்டப்படும் ரொட்டியை வாங்கிச் சாப்பிடுவதே முறை.

பயணிக்கு ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது. தோட்ட ரொட்டியும் கட்டச் சம்பலும் பொலொஸ் கறியும் இரத்தினபுரி நகரத்துப் பெரிய சாப்பாட்டுக் கடைகளின் பலகைகளில் அரிதாகவே எழுதப்பட்டிருக்கும்; பிரைட் ரைஸும் கொத்து ரொட்டியுமே அங்கே முன்னிற்கும். வீட்டுச் சமையலைக் காசுக்கு விற்கத் தகுந்ததென்று வீட்டார் கருதாததும், வந்தவர் கேட்காததும் இதற்குக் காரணங்கள். எனவே தேட வேண்டிய இடம் பேருந்து நிலையத்துக்குச் சற்று விலகிய சிறு தேநீர்க் கடைகளும், பகல் 12 மணிக்குள் தீர்ந்துவிடும் சோற்றுப் பார்சல் கடைகளும்தான். நல்ல பார்சலைப் பிரித்தால் சிவப்பரிசிச் சோறு, பருப்பு, பலாக்காயோ ஈரப்பலாவோ ஒன்று, வல்லாரைச் சம்பல், ஓரத்தில் பொரித்த கருவாடு அல்லது ஒரு துண்டுப் புளிமீன் இருக்கும். குகைவாசிகளின் சாம்பலில் கிடைத்த ஈரப்பலாவின் உறவும், படகில் வந்த உப்பும், மாலைதீவின் மாசியும் ஒரே பொட்டலத்தில் இருப்பதை யாரும் விளம்பரம் செய்வதில்லை.

பயணத்துக்கு ஏற்ற காலம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. அப்போது மழை ஓரளவு ஓய்ந்திருக்கும், சிவனொளிபாதமலை யாத்திரையும் நடந்துகொண்டிருக்கும். டிசம்பர் முழுமதியில் தொடங்கி மே மாத வெசாக் முழுமதிவரை நீளும் அந்தப் பருவத்தில், அட்டன் பக்கத்துப் படிகளைவிடக் கடினமான பழைய பாதை இரத்தினபுரிப் பக்கத்தில் பலாபத்தலவிலிருந்து ஏறுகிறது. பருவம் முடிந்ததும் மலையுச்சியிலிருந்து இறக்கப்படும் சமன் தெய்வத்தின் திருவுருவம் பெல்மதுளையிலுள்ள கல்பொத்தாவல விகாரையில் வைக்கப்படும். நகரிலிருந்து மேற்கே சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள மகா சமன் தேவாலயம் அத்தெய்வத்தின் முதன்மைக் கோயில். போர்த்துக்கேயர் பழைய கோயிலை அழித்து அவ்விடத்தில் தங்கள் தேவாலயத்தைக் கட்டினர், பின்னர் கண்டி மன்னரின் காலத்தில் கோயில் மீண்டும் எழுந்தது. அங்கிருந்த ஒரு கற்பலகையில், போர்த்துக்கேய வீரன் உள்ளூர் வீரனை வீழ்த்தும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. வென்றவர் வைத்த கல்லைத் தோற்றவர் அழிக்காமல் விட்டுவைத்தது வியப்புக்குரியது. பெரஹர எனப்படும் ஊர்வலம் ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் நடக்கும். அரச இலை வடிவில் விழும் போபத் அருவி குருவிட்டப் பக்கம். இரண்டையும் வழிகாட்டி நூல்கள் விரிவாகவே சொல்கின்றன.

ரயிலில் வர முடியாது என்பது ஒரு குறை. கொழும்பிலிருந்து களனிப் பள்ளத்தாக்கு வழியே வந்த குறுகிய தண்டவாளம் 1912இல் இரத்தினபுரியை எட்டி, 1919இல் ஓபநாயக்கவரை நீண்டு, 1976இல் மூடப்பட்டது. அவிசாவளைக்கு அப்பால் அது மீளவில்லை. எனவே வருவது அவிசாவளை வழியான பேருந்தில், திரும்புவது பாணந்துறை வீதியில் என்று வைத்துக்கொண்டால் நாட்டின் இரு முகங்களையும் பார்க்கலாம். திரும்பும்போது ஒரு கட்டி கித்துள் கருப்பட்டி வாங்கிக்கொள்வது வழக்கம். கலப்படம் இதில் சாதாரணம். சீனி சேர்த்துக் காய்ச்சியது வெளிறிக் கெட்டியாக இருக்கும், நல்ல கித்துள் கருப்பட்டி கறுத்து, விரல் சூட்டுக்கே மெல்ல ஒட்டும். அதைத் தேநீரில் கரைக்கக் கூடாது. சீனி இல்லாத வெறுந் தேத்தண்ணியை, தோட்டத்தில் சாயத்தண்ணி என்பதை, கையில் ஒரு துண்டுக் கருப்பட்டியை வைத்துக் கடித்துக் கடித்துக் குடிக்க வேண்டும். தாழ்நிலத் தேயிலையின் கடுஞ்சாயத்துக்கு அதுவே அளவு. அந்தத் துண்டு கரைவதற்குள் பேருந்து குன்றுகளை விட்டு இறங்கியிருக்கும், வீதியோரக் கடைகளில் கருவாடு தொங்கத் தொடங்கியிருக்கும்.